எங்கள் கடைத்தெருவுக்கும் ஒரு கூண்டு ஏற்றுங்கள்

பெறுநர்: தலைமை இயக்குநர், இந்தியக் கணினி அவசரகால நடவடிக்கைக் குழு (செர்ட்-இன்), மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம், புதுதில்லி.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். சிவகாசியில் 18 ஆண்டுகளாகக் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் அச்சகக்காரர்கள். மற்றபடி டிடிபி கடைகள், ஜெராக்ஸ் கடைகள், இரண்டு கிளினிக்குகள், ஒரு பள்ளிக்கூடம். யாருக்குக் கணினி நின்றாலும் எனக்குத்தான் போன் வரும்.

மென்பொருள் ஓட்டைகளைப் பற்றி நீங்கள் விடும் எச்சரிக்கை எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கும் புரிகிற தமிழில் வர வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுவாகவே உங்களுக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். 2023 நவம்பரிலேயே உங்கள் அமைப்பை அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் சேர்த்து விலக்கு அளித்துவிட்டார்கள் என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். சரி, தபால் தலைக் காசு மிச்சம் என்று ஊரறிய எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. படித்துக்கொண்டே போனால் தெரியும்.

எங்கள் ஊரில் ஆடிப்பெருக்கு என்றால் ஆற்றங்கரையில் சித்திரான்னம் சாப்பிடுகிற நாள் மட்டுமல்ல. அடுத்த ஆண்டின் காலண்டர் ஆல்பம் வெளியாகிற நாள். அன்று பூஜை போட்டு ஆர்டர் பிடிக்கத் தொடங்கினால் மார்கழி வரைக்கும் மிஷின் ஓய்வதில்லை. 2025-இல் ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் 3-ஆம் தேதி வந்தது. அதற்கு நான்கு நாள் முன்னால், ஜூலை 30 அன்று, வின்ரார் மென்பொருளின் 7.13 பதிப்பு வெளியானது. பழைய பதிப்புகளில் இருந்த ஓர் ஓட்டையை அது அடைத்தது. மென்பொருள் ஓட்டைகளுக்கு உலக அளவில் அடையாளமாகக் கொடுக்கும் சிவிஇ வரிசையில் அதன் எண் சிவிஇ-2025-8088.

வின்ராரை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல கோப்புகளை ஒரே மூட்டையாகக் கட்டவும் பிரிக்கவும் பயன்படுவது அது. 40 நாள் சோதனைக்கு என்று சொல்லி இறங்கும். 40 நாள் கழிந்தால் காசு கொடுங்கள் என்று ஒரு சிறிய பெட்டியைக் காட்டும். கொடுக்காவிட்டாலும் முகம் சுளிக்காமல் வேலை பார்க்கும். வாடகை பாக்கியை ஞாபகப்படுத்திவிட்டு மோரும் கொடுத்தனுப்புகிற வீட்டுக்காரர் மாதிரி. அதனால்தான் எங்கள் ஊரில் அது இல்லாத கணினியே இல்லை. காலண்டர் ஆர்டர் கொடுக்கிற கடைக்காரர் வெளியூரிலிருந்து தன் கடை லோகோ, முருகன் படம், எழுத்துரு, முகவரி எல்லாவற்றையும் ஒரே ரார் மூட்டையாக மின்னஞ்சலில் அனுப்புவார். ஆடி முதல் மார்கழி வரை எங்கள் டிடிபி பெண்கள் ஒரு நாளைக்கு எத்தனை மூட்டைகளைப் பிரிப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது. பாதிக்கு மேல் முன்பின் தெரியாதவர்கள் அனுப்புவது. தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே என்று அவர்களிடம் சொல்வது, வருகிற வாடிக்கையாளரை வாசலோடு திருப்பி அனுப்பு என்று சொல்வதற்குச் சமம்.

அந்த ஓட்டை எப்படி வேலை செய்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூட்டையைப் பிரிக்கும்போது எந்த ஃபோல்டரில் வைக்கச் சொல்கிறோமோ அங்கேதான் கோப்புகள் வந்து விழ வேண்டும். இந்த ஓட்டையைத் தெரிந்துகொண்டு கட்டிய மூட்டையில், கண்ணுக்குத் தெரிகிற கோப்புக்குப் பின்னால் வேறு கோப்புகள் மறைந்திருக்கும். அவை நீங்கள் காட்டிய இடத்தில் நிற்காமல் தாமாகவே படியேறிப் போய் விண்டோஸின் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் உட்கார்ந்துகொள்ளும். அந்த ஃபோல்டரில் இருப்பதெல்லாம் அடுத்த முறை நீங்கள் கணினிக்குள் நுழையும்போது உங்களைக் கேட்காமலே ஓடத் தொடங்கும். திண்ணையில் வைக்கச் சொன்ன மூட்டைக்குள்ளிருந்து ஓர் ஆள் இறங்கி, அடுக்களைக்குப் போய், விடியட்டும் என்று காத்திருப்பது மாதிரி.

ஜூலை 18-ஆம் தேதியே ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குள் ரோம்காம் என்று அழைக்கப்படும் கும்பல் இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தது. வேலை கேட்டு அனுப்பும் விண்ணப்பம் போன்ற மூட்டைகள் ஐரோப்பாவிலும் கனடாவிலும் இருக்கும் வங்கி, உற்பத்தி, பாதுகாப்பு, சரக்குப் போக்குவரத்து நிறுவனங்களுக்குப் போயின. தயாரிப்பாளருக்குத் தகவல் சொல்லப்பட்டு இரண்டு வாரத்துக்குள் 7.13 வந்துவிட்டது. இதுவரை யாரையும் குறை சொல்ல எதுவுமில்லை. கண்டவர் சொன்னார், செய்தவர் திருத்தினார். ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகள் என்று தான் பராமரிக்கும் பட்டியலில் இதையும் சேர்த்தது.

ஆனால் வின்ரார் தானாக அப்டேட் ஆகாது. விண்டோஸைப் போல, கைப்பேசிச் செயலிகளைப் போல, இரவில் நாம் தூங்கும்போது தன்னைத் தானே மாற்றிக்கொள்ளாது. ஒவ்வொருவரும் தளத்துக்குப் போய்ப் புதியதை இறக்கி நிறுவ வேண்டும். அதற்கு முதலில், அப்படி ஒன்று வந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். இப்படிப்பட்ட மென்பொருளுக்கு எச்சரிக்கைதான் மருந்தில் பாதி.

எனக்கு அந்தச் செய்தி எப்படி வந்தது தெரியுமா? என் மகள் பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் கூப்பிட்டு, "அப்பா, வின்ராரில் ஓட்டை. கடைக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லுங்கள்" என்றாள். அவள் நர்சிங் படித்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான்கு நாள் சுற்றினேன். நான் பார்த்துக்கொள்ளும் கணினிகளில் ஒன்றில்கூட 7.13 இல்லை. என் கடைக் கணினியிலும் இல்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஓர் அச்சகத்தில் 2008-ஐச் சேர்ந்த பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் செக் பாயிண்ட் நிறுவனத்தார் வின்ராருக்குள் 19 ஆண்டுகளாகக் கிடந்த ஓர் ஓட்டையை வெளியே சொன்னார்கள். ஏஸ் என்ற பழைய வகை மூட்டையைப் பிரிக்கும் பகுதியில் இருந்தது அது. அந்தப் பகுதியின் மூல நிரல் கையில் இல்லாததால் திருத்தவும் முடியாமல், தயாரிப்பாளர் அதை அப்படியே வெட்டி எறிந்தார். அதைப் பயன்படுத்தியவர்களும் கோப்பைக் கொண்டுபோய் வைத்தது இதே ஸ்டார்ட்அப் ஃபோல்டரில்தான். 2023-இல் இன்னொன்று வந்தது. பங்குச்சந்தை வர்த்தகர்களைக் குறிவைத்து ஏப்ரலிலிருந்து பயன்பட்ட அந்த ஓட்டை ஆகஸ்டில்தான் அடைபட்டது. எங்கள் அச்சகக் கணினி இந்த மூன்றையும் சுமந்துகொண்டு முருகன் படத்துக்கு மயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் மனைவி பிறந்த ஊர் தூத்துக்குடி. அங்கே துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவதை நீங்களும் செய்தியில் கேட்டிருப்பீர்கள். வங்கக்கடலில் காற்றழுத்தம் எத்தனை ஹெக்டோபாஸ்கல், மேலடுக்குச் சுழற்சி எத்தனை கிலோமீட்டர் உயரத்தில் என்பதெல்லாம் வானிலை ஆய்வு மையத்துக்குள் நடக்கிற பேச்சு. கரையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது கூண்டின் எண் மட்டும். ஒன்று என்றால் தொலைவில் எங்கோ உருவாகிறது. மூன்று என்றால் துறைமுகத்திலேயே பலத்த காற்று அடிக்கும். பத்து என்றால் பேசுவதற்கு நேரமில்லை. என் மாமனார் அதிகம் படித்தவரில்லை. எண்ணைக் கேட்டதும் படகை என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

செர்ட்-இன் செய்வது வானிலை மையத்தின் வேலை. 2004 ஜனவரியிலிருந்து செய்கிறீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு உங்களுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுத்திருக்கிறது. 2021 முதல் ஓட்டைகளுக்குச் சிவிஇ எண் வழங்கும் அதிகாரமும் உங்களிடம் இருக்கிறது. உங்கள் குறிப்புகளை நான் படிக்கிறேன். தீவிரம், பாதிக்கப்படும் மென்பொருள், மேலோட்டம், யாருக்கானது, இடர் மதிப்பீடு, விவரம், தீர்வு என்று ஒழுங்காக இருக்கின்றன. அவற்றை எழுதுகிறவர்கள் திறமைசாலிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவை ஆங்கிலத்தில் இருக்கின்றன; ஏற்கெனவே தெரிந்தவருக்குத் தெரிவிக்கிற ஆங்கிலத்தில். கடைசியில் தீர்வு என்ற தலைப்பின் கீழ், தயாரிப்பாளர் சொல்லியிருக்கும் உரிய அப்டேட்டை நிறுவுக என்று ஒரு வரியும் ஓர் இணைப்பும் இருக்கும். இணைப்பை அழுத்தினால் இன்னும் கடினமான ஆங்கிலம். ஹெக்டோபாஸ்கல் எண்ணை மட்டும் கரைக்கு அனுப்பிவிட்டுக் கூண்டு ஏற்ற மறந்த மாதிரி இருக்கிறது.

கூண்டு எண்களில் கடைசியாக 11 என்று ஒன்று உண்டு. எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று அதற்குப் பொருள். எங்கள் கடைத்தெருவில் அந்த 11 ஆண்டு முழுக்க ஏறியே இருக்கிறது.

உடனே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிட்டு அத்தனை குறிப்புகளையும் தமிழாக்கச் சொல்லிவிடாதீர்கள். அதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. "தொலைநிலைத் தாக்குநரொருவர் இலக்குற்ற அமைப்பின்மீது தன்விருப்பக் குறிமுறையைச் செயற்படுத்த இயலும்" என்று ஒரு வரி வந்து சேரும். அதற்கு ஆங்கிலமே பரவாயில்லை. உங்கள் அமைச்சகமே பாஷினி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்தை நடத்துகிறது, நல்ல காரியம்தான். ஆனால் இங்கே வேண்டியது, முதலிலிருந்தே தமிழில் யோசித்து எழுதுகிற ஓர் ஆள். எப்படி இருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் நான் கடைக்காரர்களுக்கு அனுப்பியதையே இங்கே தருகிறேன்:

"உங்கள் கணினியில் வின்ரார் இருக்கிறதா? மூன்று புத்தகங்களைப் பெல்ட் போட்டுக் கட்டிய படம் இருக்குமே, அதுதான். அதைத் திறந்து, மேலே 'ஹெல்ப்' என்பதை அழுத்தி, 'அபௌட் வின்ரார்' என்பதைப் பாருங்கள். 7.13 அல்லது அதற்கு மேல் என்றால் உங்கள் வேலையைப் பாருங்கள். அதற்குக் கீழே என்றால் ரார்லேப் தளத்தில் புதியதை இறக்கிப் பழையதன் மேலேயே நிறுவுங்கள். கூகுளில் தேடினால் முதலில் வருகிற விளம்பரத்தை அழுத்த வேண்டாம். அதில் போலிகள் உண்டு. உங்கள் கோப்புகள் எதுவும் அழியாது. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி என்றால் புதியது ஏறாது. அங்கே வின்ராரையே எடுத்துவிட்டு, வேறு கணினியில் மூட்டையைப் பிரித்து பென் டிரைவில் கொண்டு வாருங்கள். கைப்பேசிக்கு இந்தக் கோளாறு இல்லை. சந்தேகம் என்றால் கடைக்குப் போன் செய்யுங்கள்."

இவ்வளவுதான். ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிடும். 'உங்கள் கோப்புகள் எதுவும் அழியாது' என்ற வரிக்குத்தான் அதிக வேலை. அது இல்லாவிட்டால் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

எல்லா ஓட்டைக்கும் இப்படி எழுத முடியுமா என்று கேட்பீர்கள். முடியாது, வேண்டவும் வேண்டாம். 1999-இல் சிவிஇ பட்டியல் தொடங்கியபோது அதில் 321 பதிவுகள் இருந்தன. 2024-இல் ஓர் ஆண்டில் மட்டும் 40,000-க்கு மேல். நாளொன்றுக்கு நூறுக்கும் அதிகம். அத்தனைக்கும் கூண்டு ஏற்றினால் எங்கள் ஆட்கள் மூன்றாம் நாளே கூண்டைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். சிசா பட்டியலைப் போல, உண்மையில் திருடன் நுழைகிற ஓட்டைகளை மட்டும் எடுத்து, அதிலும் சிறு கடைகளில் இருக்கிற மென்பொருள் எது என்று சலித்தால் மிஞ்சுவது கைவிரல் கணக்கு. வின்ரார், குரோம், விண்டோஸ், வைஃபை ரவுட்டர், சிசிடிவி பெட்டி, கணக்குப் பார்க்கும் மென்பொருள். மாதத்துக்கு இரண்டோ மூன்றோ குறிப்புகள். அனுப்ப வழியில்லை என்று சொல்ல மாட்டீர்கள் என்று நம்புகிறேன். சைபர் மோசடி பற்றிய எச்சரிக்கை, யாருக்குப் போன் போட்டாலும் முதலில் அதுதான் காதில் விழும்படி, நாடு முழுக்க மாதக்கணக்கில் ஒலித்தது. எங்களுக்கு அது மனப்பாடம். அதன் எரிச்சலில் நூறில் ஒரு பங்கு போதும்.

2022 ஏப்ரல் 28 அன்று நீங்கள் பிறப்பித்த உத்தரவைப் பற்றியும் இங்கே பேச வேண்டும். கணினியில் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் பதிவுகளைச் சேமித்து வைக்க வேண்டும் என்கிறது அது. சிறு, குறு நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 25 வரை அவகாசம் நீட்டித்தீர்கள். ஆக, நாங்களும் அந்த உத்தரவுக்குள் வருகிறோம் என்பது உங்களுக்கு நினைவிருந்திருக்கிறது. ஆறு மணி நேரத்தை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் திருடு போனால் உடனே ஸ்டேஷனில் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் உங்களுக்குச் சொல்ல ஆறு மணி நேரம் என்றால், நீங்கள் எங்களுக்குச் சொல்ல எத்தனை மணி நேரம்? அதற்கு ஓர் எண் அந்த உத்தரவில் இல்லை.

எச்சரிக்கை போய்ச் சேராததால் விழுந்தவர்கள் சிறு கடைக்காரர்கள் மட்டுமல்ல. எக்விஃபேக்ஸ் கதையை நீங்கள் பயிற்சி வகுப்புகளிலேயே சொல்லியிருப்பீர்கள். அமெரிக்கர்களின் கடன் வரலாறுகளை வைத்திருக்கும் பெரிய நிறுவனம். இணையதளங்கள் கட்டப் பயன்படும் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளின் ஓட்டைக்கு 2017 மார்ச் 7 அன்று திருத்தம் வந்தது. மறுநாளே அமெரிக்காவில் உங்களைப் போன்ற அமைப்பு எச்சரித்தது. அதற்கும் மறுநாள் நிறுவனத்துக்குள் மின்னஞ்சல் சுற்றுக்கு விடப்பட்டது. அந்த மின்னஞ்சல் முகவரிப் பட்டியல் பழையது. திருத்தத்தை நிறுவ வேண்டியவர்களின் பெயர் அதில் இல்லை. மே மாதம் உள்ளே வந்த திருடர்கள் ஜூலை இறுதி வரை இருந்தார்கள். ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் போயின. அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு தன் அறிக்கையில் அந்தப் பட்டியல் சங்கதியை ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு நடத்தும் பாதுகாப்புத் துறை, ஒரு பழைய முகவரிப் பட்டியலில் தடுக்கி விழுந்தது. எனக்கு என் கடைத்தெரு நினைவுதான் வந்தது. எங்கள் பெயரும் எந்தப் பட்டியலிலும் இல்லை.

அதே ஆண்டு மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வன்னாகிரை என்ற பணயத் தாக்குதல் வந்தது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. இடையில் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்தில் பலர் அதை நிறுவவில்லை.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் 2024 ஜூலை 31. சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம் பணயத் தாக்குதலுக்கு ஆளானது என்று யுபிஐயை நடத்தும் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் அதைத் தன் வலையமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. கூட்டுறவு வங்கிகள், வட்டார கிராமிய வங்கிகள் என்று சுமார் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்களுக்கு யுபிஐ நின்றுபோனது என்று செய்திகள் வந்தன. மறுநாள் சரியானது. கிளவுட்செக் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வு சொன்னது: அந்த நிறுவனத்தோடு தொழில் தொடர்புள்ள இன்னொரு சிறிய நிறுவனத்தில், மென்பொருள் உருவாக்கப் பயன்படும் ஜென்கின்ஸ் சர்வர் சரியாகப் பூட்டப்படாமல் கிடந்தது, அதில் இருந்த ஓட்டை வழியாக நுழைந்தார்கள். அந்த ஓட்டைக்கான திருத்தம் அதே ஆண்டு ஜனவரி 24 அன்று வெளியாகியிருந்தது. ஆறு மாதம்! பால் சொசைட்டிப் பணத்தை நம்பி இருக்கிற வங்கி வாடிக்கையாளருக்கு ஜென்கின்ஸ் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. அந்தச் சிறிய நிறுவனத்தில் யாரோ ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இனி ஆறு மாதமெல்லாம் கிடைக்காது. 2025 டிசம்பர் 3 அன்று இணையதளங்கள் கட்டப் பயன்படும் ரியாக்ட் மென்பொருளில் இருந்த ஓட்டை திருத்தத்தோடு அறிவிக்கப்பட்டது. சில மணி நேரத்திலேயே தாக்குதல் முயற்சிகள் தொடங்கிவிட்டதாக அமேசான் சொன்னது. அறிவிப்பைத் திருடனும் படிக்கிறான். அவனுக்கு ஆங்கிலம் தெரியும்.

சொன்னால் மட்டும் எங்கள் ஆட்கள் செய்துவிடுவார்களா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். எங்கள் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். திருட்டு விண்டோஸ் வைத்திருப்பவர்கள் அப்டேட் என்றால் நடுங்குகிறார்கள்; எங்கே திரை கறுப்பாகிவிடுமோ என்று. அதில் எனக்கும் பங்குண்டு. தொழிலின் தொடக்கத்தில் நானே அப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கியவர்களும் அப்டேட்டை அணைத்தே வைத்திருக்கிறார்கள். கார்த்திகை மாத நள்ளிரவில், அச்சுத் தகடு செய்யும் சிடிபி மிஷின் பிளேட் எடுத்துக்கொண்டிருக்கும்போது, கணினி தன்போக்கில் அணைந்து "அப்டேட் ஆகிறது, பொறுத்திருக்கவும்" என்று சுற்றிக்கொண்டிருந்த அனுபவம் ஒரு முறை போதும். பிறகு வாழ்நாள் முழுக்க அந்தப் பொத்தானை அணைத்தே வைப்பார்.

பழைய மிஷின் இன்னொரு கட்டு. லட்சக்கணக்கில் கொடுத்து வாங்கிய பிளேட் மிஷினின் மென்பொருள் விண்டோஸ் 7-இல் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. மிஷின் இன்னும் பத்து ஆண்டுக்கு ஓடும். இதைவிட எங்களுக்கே உரிய கட்டு எழுத்துரு. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை வருவதற்கு முன்னால் ஆளுக்கொரு முறையில் தமிழ் எழுத்துருக்கள் செய்தார்கள். 20 ஆண்டுக் காலண்டர்கள், பஞ்சாங்கப் பக்கங்கள், கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அத்தனையும் அந்த எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாக வரும். அதற்காகவே எக்ஸ்பி கணினியைத் துடைத்துப் பொட்டு வைத்துக் காப்பாற்றுகிறார்கள். பாதுகாப்பு நிபுணர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்கிறார்கள். அவர்கள் யாரும் ராகு காலப் பட்டியலை மறுபடி தட்டச்சு செய்து பார்த்ததில்லை.

ஆகவே உங்கள் குறிப்பில் அப்டேட் செய்ய முடியாதவருக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். அந்தக் கணினியை இணையத்திலிருந்து பிரித்து வை, அதில் மின்னஞ்சல் திறக்காதே, வாரம் ஒரு முறை வெளி டிஸ்கில் நகல் எடுத்து டிஸ்கைக் கழற்றி வை. இது முழுத் தீர்வல்ல. ஆனால் செய்யக்கூடியது. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கும் ஆதரவு முடிந்தபிறகு இந்த வரிக்கு எங்கள் தெருவில் நிறைய வேலை வந்துவிட்டது.

கடைசியாக, எதிர்த்திசையில் ஒரு விஷயம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு பள்ளியின் கட்டணத் தளத்தில் ரசீது எடுத்துக்கொண்டிருந்தேன். முகவரிப் பட்டையில் ரசீது எண் தெரிந்தது. தட்டச்சில் ஓர் எண் தவறிவிட்டது. வேறொரு பிள்ளையின் ரசீது, அப்பா பெயர், போன் எண்ணோடு திரையில் வந்து நின்றது. கடவுச்சொல் கேட்கவில்லை. அலுவலகத்துக்குப் போன் செய்து சொன்னேன். நன்றி சொல்வார்கள் என்று நினைத்தேன். "உங்களை யார் பார்க்கச் சொன்னது? போலீஸில் சொல்லவா?" என்று கேட்டார்கள். அன்றைக்குத்தான் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளைப் படித்தேன். அனுமதியில்லாமல் நுழைவது, மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். நேர்மையற்ற நோக்கம் இருந்தால்தான் சிறை என்று வக்கீல் நண்பர் தேற்றினார். நோக்கத்தை நிரூபிக்க எத்தனை முறை கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று கேட்டேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு தளங்களில் இதே போன்ற கோளாறைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஓட்டைகளைத் தெரிவிக்க உங்களிடம் ஒரு வழிமுறை இருக்கிறது என்பது தெரியும். அதைப் பயன்படுத்துகிறவருக்கு வழக்கு வராது என்ற எழுத்து வடிவ உறுதி வேண்டும். அமெரிக்க நீதித் துறை 2022 மே மாதம், நல்லெண்ணத்தோடு ஆராய்கிறவர்கள் மீது வழக்குத் தொடரக் கூடாது என்று தன் வழக்கறிஞர்களுக்கு அறிவுறுத்தியது. பெல்ஜியத்தில் 2023-இல் இதற்குச் சட்டமே நடைமுறைக்கு வந்தது. நெதர்லாந்து அரசு தன் தளங்களில் ஓட்டை கண்டு சொல்கிறவருக்கு ஒரு டி-ஷர்ட் கொடுக்கிறது. டச்சு அரசை ஹேக் செய்தேன், கிடைத்ததெல்லாம் இந்த உருப்படாத டி-ஷர்ட்தான் என்று அதில் அச்சிட்டிருக்கும். டி-ஷர்ட் செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். திருப்பூர் எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. அச்சடிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் குறிப்பைத் தமிழில் எழுதியதும் வெளியிடும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என் கடைக்கு எதிரே ஒரு டிடிபி கடை இருக்கிறது. அங்கே வேலை செய்யும் அக்கா பத்தாம் வகுப்பு வரை படித்தவர். பேஜ்மேக்கரில் அவரை அடிக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. அவரிடம் கொடுத்து, பக்கத்தில் நின்று பார்க்கிறேன். என்னிடம் எதுவும் கேட்காமல் அவர் அதைச் செய்து முடித்தால் நாடு முழுக்க அனுப்பலாம். எங்காவது நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தால், எந்த வரியில் பார்த்தார் என்று குறித்து அன்று மாலைக்குள் திருப்பி அனுப்புகிறேன். மதியம் ஒன்று முதல் இரண்டு வரை மட்டும் வேண்டாம். அவர் சாப்பாட்டு நேரம்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவன்,
சிவகாசி.